அப்பாவோடு சண்டை போடும்போது

மதியம் இரண்டு மணிக்கு நாங்கள் நாற்பது பேரும் தூங்கப் போவோம். தூங்குவதற்கு வருகைப்பதிவு உண்டு. தூங்காதவர்களுக்கு மதிப்பெண் குறையும். இப்படி ஒரு படிப்பு அந்தக் காலத்தில் இருந்திருந்தால் உங்கள் அப்பா டாக்டர் பட்டமே வாங்கியிருப்பார் என்று அம்மா சொல்வாள்.

தாமிரபரணிக் கரையில் இருக்கிறது எங்கள் பல்கலைக்கழகம். அதன் பழைய தாவரவியல் கூடத்தில் நாற்பது கட்டில்கள் போட்டிருந்தார்கள். உயரமான ஜன்னல்கள். ஆற்றுக் காற்று திரைச்சீலையை மெல்லத் தூக்கும், கொஞ்ச நேரம் யோசிக்கும், பிறகு கீழே விடும். நெற்றியில் நீலப் பட்டியைக் கட்டிக்கொண்டு படுத்தால் ஐந்தே நிமிடத்தில் கண் சொக்கிவிடும். அப்புறம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது போல ஆங்கிலம் கேட்கும். முதலில் புரியாது. ஆனால் புரியவில்லையே என்ற பதற்றமும் இருக்காது. ஆங்கிலத்தைக் கேட்டு நான் தலையைக் குனிந்துகொள்ளாத ஒரே இடம் அந்தக் கட்டில்தான். சில நாட்களில் அந்தக் குரல் பக்கத்தில் வந்தது. பார்த்தால், அப்பா. கையைக் கட்டிக்கொண்டு நின்று ஆங்கிலத்தில் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார். நானும் விடாமல் பதில் சொன்னேன். கனவில் எனக்கு ஒரே சிரிப்பு.

மூன்றரைக்கு மணி அடிக்கும். எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போவோம். நாற்பது நாள் இப்படித் தூங்கினால் ஆங்கிலம் வந்துவிடும் என்றார்கள். வந்துவிட்டது. அதுதான் வினை.

என் பெயர் இசக்கியம்மாள். எம்.எஸ்ஸி. நிலவியல், இரண்டாம் ஆண்டு. வகுப்பில் முதல் மாணவி நான்தான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. நடந்த தப்புக்கு அதுவே காரணம்.

மூன்றாம் பருவத்திலிருந்து எங்களுக்கு உலக வகுப்பு. இருபது நாட்டு மாணவர்கள் ஒரே அறையில் இருப்பது போல உட்கார்ந்து பாறைகளைப் பற்றிப் பேச வேண்டும், ஆங்கிலத்தில். காதில் மாட்டும் மொழிபெயர்ப்புக் கருவி இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. நாம் சொன்னதை அது சொல்லி முடிப்பதற்குள் பிரேசில்காரன் வேடிக்கையாக ஏதோ சொல்லி, கொரியாக்காரி சிரித்து, பேச்சு அடுத்த பாறைக்குப் போய்விடும். கருவி மாட்டியவர்களைப் பந்தியில் உட்காராமல் பார்சல் வாங்க வந்தவர்களைப் போலத்தான் மற்றவர்கள் பார்ப்பார்கள். எங்களுக்குப் பந்தியில் உட்கார ஆசை. அதனால் தூங்கப் போனோம்.

பட்டியைத் தருவதற்கு முன் இருபது பக்க விளக்கத்தாள் தந்தார்கள். ஆங்கிலம் வராதவர்களுக்கு ஆங்கிலம் வரவழைக்கும் கருவியைப் பற்றி, ஆங்கிலத்தில். "புரிஞ்சுதா?" என்று கேட்டார் டாக்டர் வயலட். அந்தக் கருவியைச் செய்த குழுவில் இருந்தவர், பாளையங்கோட்டைக்காரர், எங்களைப் பிள்ளைகளா என்றுதான் கூப்பிடுவார். நாற்பது தலைகள் ஆடின. புரியவில்லை என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அந்த வெட்கம் போகத்தானே அங்கே வந்திருந்தோம்.

அடுத்து ஒரு படிவம். ஆங்கிலத்தின் மீது மாணவர்களுக்கு உள்ள மனப்பான்மை பற்றி முப்பத்து மூன்று கேள்விகள்.

"இது பரீட்சை இல்ல, பிள்ளைகளா. சரி, தப்புன்னு ஒண்ணும் கிடையாது. மனசுல உள்ளத எழுதுங்க" என்றார்.

கேள்விக்கு எண் போட்டிருந்தால் எங்களுக்கு அது பரீட்சைதான். நான் வழக்கம் போல என் தாளைக் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். முதல் பருவத்திலிருந்தே அப்படித்தான். பின்னால் இருப்பவன் பார்ப்பான், அவனைப் பார்த்து அடுத்தவள். சாய்த்து வைக்காத முதல் மாணவிக்கு எங்கள் வகுப்பில் சோறு தண்ணி கிடையாது. ஆங்கிலம் உலகத்துக்கே பொதுவான மொழியா? முழுமையாக உடன்படுகிறேன். ஆங்கிலம் பேசுகிறவர்களைக் கண்டால் பொறாமையாக இருக்கிறதா? இல்லை என்று பொய் சொன்னேன். நாற்பது பேரும் அதே பொய்யைச் சொன்னார்கள்.

கடைசிக் கேள்விதான் வித்தியாசமாக இருந்தது. யோசிக்காமல், தடங்கலே இல்லாமல் உங்களுக்குப் பேச்சு எப்போது வருகிறது? இதில் மட்டும் நான் உண்மையை எழுதினேன். அப்பாவோடு சண்டை போடும்போது.

எங்கள் வீட்டுச் சண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா சுடலைமுத்து, டவுன் பஸ் டிரைவர். அவருக்குக் கொஞ்சத் தெரியாது. பிறந்த நாளுக்கு வாழ்த்துச் சொல்லக்கூட வராது. ஆனால் மின்விசிறியை மூன்றில் வைப்பதா ஐந்தில் வைப்பதா என்று ஒரு மணி நேரம் என்னோடு மல்லுக்கு நிற்பார். "மூதி" என்பார். "கோட்டிக்காரப்பா" என்பேன், பைத்தியக்காரர் என்று. டெப்போவில் அதிகாரி கடிந்துகொண்ட நாளிலும், எனக்கு மதிப்பெண் குறைந்த நாளிலும் அந்தச் சண்டை இன்னும் பலமாக நடக்கும். முடிந்ததும் இருவருக்கும் நன்றாகப் பசிக்கும். இருபத்திரண்டு வருடத்தில் ஒருமுறைகூட நான் ஜெயித்தது கிடையாது. அந்தச் சண்டையில்தான் நான் அவருக்குப் பிரியமான மகள் என்பது எனக்குத் தெரியும். வேறெங்கும் அவர் அதைச் சொன்னதில்லை.

பட்டியைக் கழற்றிய மறுநாள். அப்பா வேலையிலிருந்து வந்தார், குளித்தார், இடுப்பில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மின்விசிறியை மூன்றுக்குக் குறைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அஞ்சுல வச்சாத்தான் மகாராணிக்குத் தூக்கம் வருமோ? கரண்டு என்ன ஆத்துலயா ஓடுது, மூதி!"

நான் வாயைத் திறந்தேன். ஆங்கிலம் வந்தது.

நல்ல ஆங்கிலம். ஒரு பிழை இல்லை. செய்தி வாசிப்பவளைப் போல, காற்றோட்டத்தின் தேவையையும் அவருடைய பிடிவாதத்தையும் பற்றி முழு வாக்கியங்களாகப் பொழிந்தேன். முதலில் எனக்கே சந்தோஷமாக இருந்தது, இப்படிப் பேசத்தானே இத்தனை ஏக்கம். பிறகு அப்பாவைப் பார்த்தேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டிருந்தார். மடித்துக் கட்டியிருந்த சாரத்தைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டார். டெப்போவில் அவரை ஆங்கிலத்தில் திட்டுகிற மேனேஜர் முன்னால் முப்பது வருடமாக எப்படி நிற்பாரோ அப்படி நின்று, "சரிங்கம்மா" என்றார்.

என்னிடம் அவர் மரியாதையாகப் பேசியது அன்றுதான் முதல் தடவை. எனக்கு உயிரே போய்விட்டது.

தமிழ் எங்கேயும் போய்விடவில்லை. அம்மாவோடு பேச வருகிறது. கடையில் பேரம் பேச வருகிறது. அப்பாவிடம்கூட, சாப்பிட்டீர்களா, எப்போது வருவீர்கள் என்று கேட்க வருகிறது. அவரோடு மல்லுக்கு நிற்க வாயெடுத்தால் மட்டும் நாக்கு வேறு பக்கம் திரும்பிவிடும். அவரும் எழுந்து நின்றுவிடுவார். அதனால் நான் மின்விசிறியை மூன்றிலேயே விட்டுவிட்டேன்.

"வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. ஒரே ஒருக்கா அவரக் கோட்டிக்காரருன்னு சொல்லேன்ட்டி" என்று அம்மா கெஞ்சினாள். அப்பா முன்னால் போய் நின்றேன். சொல் மனதில் இருந்தது. வாயில் இல்லை.

டீக்கடையில்தான் விஷயம் வெளியே வந்தது. ராபின்சன், எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறவன், முதல் வாரம் குதித்துக்கொண்டிருந்தான். "எங்க அப்பா கப்சிப். வாழ்க்கையில முத தடவ ஜெயிச்சிருக்கேன்!" இரண்டாம் வாரம் அவன் டீயை ஆறவிட்டுக்கொண்டு, "பைக் சாவியக் கேக்காமலேயே மேசையில வச்சிட்டுப் போறாரு. என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்காரு" என்றான். இன்னொருத்தியின் அப்பா, மகள் திட்டியதற்கு அர்த்தம் கேட்கப் பக்கத்து வீட்டு வாத்தியாரைக் கூட்டி வந்தாராம். சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு ஒவ்வொருவராக, "நீயும் அப்பாகிட்டதானா?" என்று கேட்டுக்கொண்டோம். நான் கோப்பையைக் கீழே வைத்தேன். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

டாக்டர் வயலட்டிடம் போய், எல்லாரும் என் தாளைப் பார்த்து எழுதிய உண்மையைச் சொன்னேன். அவர் எங்கள் படிவக் கட்டை எடுத்துக் கடைசிக் கேள்வியைப் புரட்டிப் பார்த்தார்.

"புது பாஷைய அந்தரத்துல நட முடியாது இசக்கி. ஏற்கெனவே பேச்சு தங்குதடையில்லாம ஓடுற தடம் ஒண்ணு எல்லாருக்கும் இருக்கும். ஒருத்தருக்குப் பாட்டு, ஒருத்தருக்கு ஊர்வம்பு. அதக் கண்டுபிடிச்சு அது மேலதான் இங்கிலீஷ ஓட விடுறோம். பழைய பேச்சு அந்தத் தடத்துல மட்டும் அமுங்கிரும். அதெல்லாம் விளக்கத்தாள்ல இருந்துச்சே?"

"இருந்துச்சு, மேடம்."

அந்தத் தாள் எங்களில் யாருக்கும் புரியவில்லை என்று தெரிந்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நாப்பது பேருக்கும் ஒரே மனசு இருக்குமான்னு நானாவது யோசிச்சிருக்கணும். ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இவ்வளவு நல்ல முடிவு வந்திருக்கேன்னு சந்தோஷப்பட்டேன். படிச்சவ புத்தி."

"எடுக்க முடியாதா?"

"முடியும். எடுத்தா இங்கிலீஷும் போயிரும், அடுத்த பருவத்துல அவங்கவங்களுக்குத் தனித்தனியா வேற தடத்துல போட்டுக்கிடலாம். ஆனா ஒரே பதில் வந்ததால மெஷின் உங்க எல்லாருக்கும் ஒரே தடமாப் போட்டிருச்சு. எடுத்தா மொத்தமாத்தான் எடுக்கணும். நாப்பது பேரும் கையெழுத்துப் போடணும். பட்டி கட்டின முதல் நாள்லருந்து தொண்ணூறாம் நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள. அதுக்கப்புறம் இறுகிரும்."

அப்பாவிடம் அன்றே சொன்னேன். அவர் நாள்காட்டியில் தொண்ணூறாம் நாளைத் தேடிப் பார்த்து, "அம்புட்டுத்தான? வந்துரும்" என்றார். அவ்வளவு நாளாக அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

முப்பத்தொன்பது கையெழுத்து இரண்டே நாளில் வந்துவிட்டது. மீதி செண்பகவல்லி. கயத்தாற்றிலிருந்து பஸ் பிடித்து வருகிறவள். பாதி நாள் தாமதமாகத்தான் வருவாள். அவளுக்கும் சேர்த்து வருகைப்பதிவில் நான்தான் கையெழுத்துப் போடுவேன். மதிய வெயில் ஆற்றில் வெள்ளிக்காசாகக் கிடந்த நேரம், படித்துறையில் உட்கார்ந்திருந்தவளிடம் படிவத்தை நீட்டினேன்.

"நான் போட மாட்டேன், இசக்கி."

"உனக்குத்தான் அப்பாவே கிடையாதேட்டி. உனக்கென்ன நஷ்டம்?" என்றேன். இப்படிக் கேட்டதற்கு இன்றும் என்னை நான் மன்னிக்கவில்லை.

"இப்ப இருக்காரு" என்றாள்.

பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவரு சாகும்போது எனக்கு ஏழு மாசம். வீட்டுல ஒரு போட்டோ இருக்கு. வாயை மூடிக்கிட்டு இருப்பாரு. குரல் எப்படி இருக்கும்னு அம்மாவுக்கே சொல்லத் தெரியல. அன்னைக்கு எல்லாரும் எழுதினாங்க, உன்னப் பாத்து நானும் எழுதினேன். பத்தாவது நாளு தூக்கத்துல வாசல்ல ஒருத்தரு நின்னுக்கிட்டு ஏன் லேட்டுன்னு கேட்டாரு. இங்கிலீஷ்ல. பஸ் வரலன்னேன். பொய் சொல்லாதன்னாரு. பொய் சொல்லலன்னு கத்துனேன். அப்படிக் கத்துனேன்ட்டி! யார்கிட்டயும் நான் அப்படிக் கத்துனதே கிடையாது."

"அது மெஷின் பண்ணது, செண்பகம். உன் மனசுல அப்பாகூட போட்ட சண்டையத் தேடியிருக்கும். கிடைக்கலன்னதும் அதுவா ஒண்ண உண்டாக்கியிருக்கும்."

"எனக்குத் தெரியாதா? செங்கச்சூளையில வேல பாத்தவரு, எட்டாங்கிளாஸ். அவருக்கு எங்க இங்கிலீஷ் வரும்? ஆனா இப்ப பட்டி இல்லாமலேயே வருதாரு. கண்ண மூடினா வருதாரு. தலை சீவலன்னு திட்டுதாரு, சாப்பிடலன்னு திட்டுதாரு. உங்களுக்கெல்லாம் உங்க அப்பாகிட்ட தமிழ் இருக்கு, திரும்பிப் போயிருவிய. எனக்கும் அவருக்கும் வேற பாஷையே கிடையாது. நான் எங்க போவேன்?"

எனக்கு அவள் மேல் கோபம்தான் வந்தது. ஒரு கனவுக்காக முப்பத்தொன்பது வீடுகளா? கோபத்தோடு எழுந்து வந்துவிட்டேன். பாதி வழியில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். அவளுக்கு அந்த அப்பாவைக் கொடுத்ததும் நான் சாய்த்து வைத்த தாள்தான்.

தொண்ணூறாம் நாள் மதியம் நூலகத்தில் ராபின்சன் என் எதிரே வந்து உட்கார்ந்தான். "நீயே போட்டுரு. அவ கையெழுத்த நீ எத்தன தடவ போட்டிருக்க? அவளுக்கே வித்தியாசம் தெரியாது."

"தெரியாது" என்றேன்.

"ஒருத்திக்காக இத்தன பேரு ஊமையாக் கிடக்கணுமா? சொல்லு."

பேனாவைத் திறந்தேன். அவள் கையெழுத்து எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. முதல் எழுத்தில் ஒரு பெரிய சுழி, கடைசியில் கீழே இழுத்த ஒரு கோடு. கண்ணை மூடிக்கொண்டு போடலாம். அப்பா நாள்காட்டி முன்னால் நின்று சிரித்தது நினைவுக்கு வந்தது. பேனா காகிதத்தைத் தொட்டுவிட்டது, ஒரு புள்ளி விழுந்தது. அதுவரை நான் அவளுக்காகப் போட்ட கையெழுத்தெல்லாம் அவள் வந்துவிட்டாள் என்று சொல்லப் போட்டவை. இதைப் போட்டால் அவளுடைய அப்பா இரண்டாம் தடவை சாவார்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படிவத்தை டாக்டர் வயலட்டிடம் கொடுத்தேன். அவர் காலியாக இருந்த இடத்தையும் அந்தப் புள்ளியையும் பார்த்தார்.

"நானா இருந்தா போட்டிருப்பேன்" என்றார். பிறகு காகிதத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

வெளியே ராபின்சன் என்னை வாயில் வந்தபடி திட்டினான். அழகான தமிழ். நான் நின்று முழுவதும் கேட்டேன்.

வீட்டுக்குப் போகும்போது பொழுது சாய்ந்திருந்தது. லேசான தூறல், தெரு முழுக்க மஞ்சள் வெளிச்சம். ஆற்றங்கரையிலிருந்து அந்த மதியத் தூக்கத்தின் காற்று என் கூடவே வருவது போல இருந்தது. அப்பா எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். லீவு சொல்லிவிட்டு வந்தாராம்.

"என்ன, ஆச்சா?"

சண்டை இல்லையே, அதனால் தமிழ் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். படித்துறை, செங்கற்சூளை, வாசலில் நின்று ஏன் லேட் என்று கேட்கும் ஆள். சொல்லும்போதே அழுதேன். "உங்களத்தான் விட்டுக்கொடுத்துட்டேம்ப்பா" என்றேன்.

"அந்தப் பிள்ள தலை சீவலன்னுகூடவா திட்டுதாரு?" என்று மட்டும் கேட்டார் அப்பா. ஆமாம் என்றேன். எழுந்து போய் முகம் கழுவினார். வெகு நேரம் கழுவினார். திரும்பி வரும்போது ஜன்னல் வழியாகக் கொல்லைப்புறத்தைப் பார்த்தார். கொடியில் அவருடைய காக்கிச் சட்டை தூறலில் நனைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏட்டி! துணியக் காயப் போட்டா எடுக்கணும்ங்கிற அறிவு வேண்டாமா? நாளைக்கு நான் எதப் போட்டுக்கிட்டு வண்டி ஓட்ட? மூதி!"

ஆங்கிலம் கிளம்பிவிட்டது. முழு வாக்கியங்கள், பல்வரை வந்து நின்றன. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அப்பா கையை உயர்த்தினார்.

"நீ பேசாத. ஒரு வார்த்த பேசாத. நில்லு அங்கனயே."

அவர் நடந்து போய், சமையலறை வாசலில், சண்டையின்போது நான் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றார். இடுப்பில் கை வைத்தார். குரலை மெலிதாக்கிக்கொண்டார்.

"நான் என்ன வேலைக்காரியா? உங்க சட்டைய நீங்க எடுத்தா கை தேஞ்சிருமோ?"

திரும்பித் தன் இடத்துக்கு வந்தார். சொந்தக் குரலில், "அப்பங்கிட்ட பேசுத பேச்சாட்டி இது?" என்றார். மறுபடி அங்கே போனார். "நீங்க பேசுதது மட்டும் நல்ல பேச்சோ?" மறுபடி இங்கே. அம்மா கரண்டியோடு வந்து நின்று, வாயைப் பொத்திக்கொண்டாள். ஐம்பத்தாறு வயதுக்காரர், முழங்கால் வலி வேறு, கூடத்துக்கும் சமையலறைக்கும் மாறி மாறி நடந்துகொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் என் குரலில், "தப்புதான், மன்னிச்சிருங்கப்பா" என்றார். நான் வேகமாகத் தலையை ஆட்டினேன்.

"சொல்ல மாட்டியா?" என்று யோசித்தார். "ஆமா, நீ எங்க சொல்லப் போற." திரும்ப ஓடிப்போய் நின்று, "உங்களுக்குக் கோட்டிதான் பிடிச்சிருக்கு!" என்றார். நான் பலமாகத் தலையசைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. என் வாதங்கள் ஒன்றுவிடாமல் அவருக்கு மனப்பாடமாக இருந்தன. அவர் கேட்காதது போலிருந்தவைகூட.

கடைசியில் என் இடத்தில் நின்று, மூச்சு வாங்க, "முப்பது வருசமா வண்டி ஓட்டுதிய. காலையில மேகத்தப் பாத்தா மழ வரும்னு தெரியாதாக்கும்? தெரிஞ்சும் எதுக்கு இதப் போயித் துவைக்கப் போட்டிய?" என்றார்.

பதில் சொல்லத் தன் இடத்துக்கு வந்தார். வாயைத் திறந்தார். அவரிடம் பதிலா இல்லை? நூறு இருக்கும். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரிட்டி. நீ சொல்லுததுதான் சரி" என்று சொல்லிவிட்டு, தூறலில் இறங்கிச் சட்டையை எடுக்கப் போனார்.